வேனுக்கு வந்த இரண்டு நோய்

எஞ்சின் மாற்றி வெளியே எடுத்த முதல் நாளே வேன் மூன்று இடத்தில் நின்றது. மருந்துக்கடை முனையில் ஒரு தடவை, பாலத்துக்கு முன்னால் சிக்னலில் ஒரு தடவை, கடைசியாகப் முதியோர் பகல் இல்லத்தின் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு தடவை. மூன்றாம் தடவை சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. பின்சீட்டிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, "இறங்கித் தள்ளணுமா? எனக்கு முட்டிதான் வலி, கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுகிறவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து நான்கு. வயதானவர்கள் எட்டுப் பேரைக் காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, பகல் இல்லத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை. ஆறு வருஷமாகச் செய்கிறாள். அதற்கு முன்பு பதினோரு வருஷம், துவைக்கும் மெஷின்களுக்கு வயர்க் கட்டு கட்டும் தொழிற்சாலையில் இருந்தாள். அது மூடியபோது, மற்றப் பெண்கள் அடுத்த தொழிற்சாலையைத் தேடிப் போனார்கள்; இவள் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனாள். "நாள் பூரா ஒரே நாற்காலியில உட்கார்ந்தது போதும்" என்றாள். "இப்பவும் நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கே" என்று கணவர் கேட்டதற்கு, "இது நகருது" என்று பதில் சொன்னாள்.

வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் எதிரே நிற்பவர் யார், என்ன வயது என்று பார்க்கமாட்டாள். ஆனால் படியில் காலை வைக்கத் தயங்கும் ஒருவரின் முழங்கையை அவள் பிடித்தால், இரண்டு காலும் தரையில் பதியும்வரை விடமாட்டாள்.

பழைய எஞ்சின் தண்ணீர் வற்றிச் சூடேறிச் செத்துப்போனது. அவளுடைய கொழுந்தன் மெக்கானிக். தனியாக ஷெட் வைத்திருப்பவன். பின்பக்கம் இடிபட்டு நசுங்கிய ஒரு வேனிலிருந்து நல்ல எஞ்சினாகப் பார்த்து எடுத்து, நான்கே நாளில் பொருத்திக் கொடுத்தான். அது அதே கம்பெனி வண்டிதான், ஆனால் சில வருஷம் புதிய மாடல்.

"ஒரே குடும்பம்தான் அண்ணி. அது அண்ணன் எஞ்சின், இது தம்பி எஞ்சின். அப்படியே உட்கார்ந்துக்கும்" என்றான்.

முதல் நாள் சாயங்காலம் அவள் ஷெட்டுக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வீசினாள். "தம்பி எஞ்சின் தொல்லை பண்ணுது. பாருங்க."

அந்த வேனில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி மடக்கினால்தான் அதன் முகம் தெரியும். கொழுந்தன் சீட்டைத் தூக்கினான்; ஸ்டார்ட் செய்தான். வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒரே சீராக ஓட வேண்டும். இதுவோ மூச்சிரைப்பவரின் நெஞ்சு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. உர்ரென்று கிளம்பி, தணிந்து, இதோ அணையப்போகிறது என்று நினைக்கும்போது மறுபடி உர்ரென்று கிளம்பியது.

"புது இடம், பழகணும்" என்றான் கொழுந்தன்.

"மருமகளா வந்திருக்கு, பழகறதுக்கு?"

அன்று ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினான். மறுநாள் இரண்டு தடவை நின்றது. சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் வால்வு ஒன்று உண்டு. அதைக் கழற்றிக் கழுவி மாட்டினான். அதற்கடுத்த நாள் வெயில். ஒரு தடவைகூட நிற்கவில்லை, ஏறி இறங்கியதோடு சரி. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த நாள் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரி பழசு என்று புதிதாக ஒன்று மாட்டினான். மாட்டிய நான்காம் நாள் அதுவும் தளர்ந்தது. சார்ஜ் செய்யும் டைனமோதான் காரணம் என்று அதைக் கழற்றிக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துச் சோதித்தான். அது நன்றாகவே இருந்தது. திரும்ப மாட்டினான். வேன் மறுபடி நின்றது.

வீட்டில் அவள் புலம்புவாள். கணவர் சலூன் வைத்திருப்பவர். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் பேசுவதற்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்.

"பார்த்துக்கலாம்."

"யாருங்க பார்க்கிறது? நீங்களா? உங்க தம்பி பத்து நாளா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். கண்ணு வலிக்கப் பார்க்கிறார்."

"அவன் நல்ல வேலைக்காரன்தான்."

"நான் கெட்ட டிரைவரா?"

அதற்கும் அவர் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்; அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனாள். அவர் ஒரு பெட்டியை வேனில் சொருகி, திரையில் வந்த எழுத்துகளை உதட்டைப் பிதுக்கியபடி படித்தார். "ஏழெட்டு கோளாறு காட்டுதும்மா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. மூளையே போயிடுச்சு. வண்டியோட கம்ப்யூட்டரையே மாத்தணும்" என்றார்.

"மாத்தினா சரியாகிடுமா?"

"மாத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

அவள் பெட்டியின் வயரைத் தானே பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். "பார்க்கிறதுக்கு இங்கே ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தாள். வண்டி கிளம்பவில்லை. அதே மனிதரிடம் திரும்பிப் போய், தள்ளிவிடச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்தடி தூரம் நடந்ததுதான் அந்த மாதத்திலேயே அவளுக்குப் பெரிய அவமானம்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பகல் இல்லத்தின் மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் நோட்டுப்புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு தாள்கள் இருந்தன. வேனில் வரும் எட்டுப் பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் எழுதிய புகார் அது.

"என் கையை மீறிப் போகுதும்மா" என்றார் மேனேஜர். "முந்தாநாள் நடுரோட்டில் லாரி ஹார்ன் அடிச்சதில் ஒருத்தருக்குப் பிரஷர் ஏறிடுச்சு. திங்கட்கிழமைவரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல வேற வண்டிதான்."

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சுட்டது. ஆறு வருஷமாக அந்த மனிதரின் ஊன்றுகோலை, மூக்குக்கண்ணாடிக் கூட்டை, வெந்நீர்ப் பாட்டிலை மறந்த இடத்திலிருந்தெல்லாம் எடுத்து வந்து கொடுத்தவள் அவள். வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு படித்தாள்.

திட்டி எழுதியிருப்பார் என்று நினைத்தாள். அப்படி ஒரு வரிகூட இல்லை. நாற்பது வருஷம் ரயில்களின் நேரத்தைக் குறித்த கை, வேனின் நேரத்தையும் அப்படியே குறித்திருந்தது.

"செவ்வாய். 8.14. மருந்துக்கடை முனை. நின்றது. மழை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. தாமதம் 6 நிமிடம்."

"புதன். எங்கும் நிற்கவில்லை. வெயில். ஆனால் சிக்னலில் சத்தம் ஏறி இறங்கியது. வயிற்றைக் குமட்டுகிறது."

"வெள்ளி. மாலை 5.40. பாலம். விளக்கு போட்ட ஒரு நிமிடத்தில் நின்றது. தாமதம் 11 நிமிடம்."

"சனி. 8.20. நர்ஸம்மா புழுக்கம் என்றதால் காற்றாடி போடப்பட்டது. தபால் நிலையம் அருகே நின்றது."

கோபத்தில் ஒரு முறை படித்தாள். பிறகு சும்மா இருக்க முடியாமல் இன்னொரு முறை. மூன்றாம் முறை படிக்கும்போது ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்து, வைப்பர், விளக்கு, காற்றாடி என்று வந்த இடங்களில் எல்லாம் கோடு போட்டாள். நின்ற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு விழுந்தது. நிற்காத நாட்களில் கோடே இல்லை. ஆனால் ஏறி இறங்குவது மட்டும் எல்லா நாளும் இருந்தது. வெயிலிலும் இருந்தது, மழையிலும் இருந்தது.

இதுவரை எல்லோரும் ஒரே நோய் என்று நினைத்துத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்திருப்பது இரண்டு. ஏறி இறங்குவது ஒன்று. கரண்ட் அதிகம் தேவைப்படும்போது அணைந்துபோவது இன்னொன்று.

முதலில் அணைவதைப் பிடிப்போம் என்று சீட்டைத் தூக்கினாள். ஒருக்களித்துக் குனிந்து சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் முனகியது. மறுபடி திருப்பினாள். மறுபடி. நான்காம் தடவை ஏதோ பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வாடை வந்த பக்கம் கையை விட்டுத் தேடியவள், "ஆ!" என்று விரலை உதறினாள். ஆக்சிலரேட்டர் கேபிள் அடுப்பில் போட்ட கம்பி மாதிரிக் கொதித்தது.

எஞ்சின் ஓடவே இல்லை. அது எப்படிச் சூடாகும்?

விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள். தொழிற்சாலையில் ஒவ்வொரு வயர்க் கட்டையும் மீட்டரில் வைத்துச் சோதித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் சுற்றிவிட்டுப் பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். வண்டியில் அந்தத் திரும்பும் வழிதான் எர்த்: எஞ்சினின் உடம்பிலிருந்து வேனின் உடம்புக்குப் போகும் தட்டையான ஒரு பின்னல் பட்டை. பெரிய சாலை அடைபட்டால் வண்டிகள் சந்துக்குள் புகும். கரண்ட்டும் அப்படித்தான் போயிருக்கிறது. எஞ்சினையும் வேனையும் தொட்டுக்கொண்டிருந்த ஒல்லியான கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது.

பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"புகாரைப் படிச்சியா?"

"படிச்சேன். உள்ளே வந்து சாவியைத் திருப்புங்க சார்."

"எனக்கு லைசென்ஸ் இல்லை."

"ஓட்டவா சொன்னேன்? திருப்பத்தானே சொன்னேன். இடது பக்கமா வாங்க, சூடு இருக்கு, தொட்டுடாதீங்க."

அவர் ஏறி, கால்களைச் சரியாக வைத்துக்கொண்டு, சாவியைப் பிடித்தார். அவள் கருவிப் பெட்டியில் வைத்திருந்த பழைய மீட்டரை எடுத்து, அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை எஞ்சினின் உடம்பிலும் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே வழி சரியாக இருந்தால் முள் ஏறக்குறைய அசையக் கூடாது.

"திருப்புங்க."

முள் துள்ளி நான்கு வோல்ட்டுக்குப் போனது.

"இன்னொரு தடவை!"

மறுபடி நான்கு.

"நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அவர்.

அவள் மீட்டரைக் கீழே வைத்தாள். வேனின் பின்பக்கத்திலிருந்து, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்க வைத்திருந்த தடித்த வயரை எடுத்து வந்தாள். ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் கவ்வ விட்டாள். இன்னொன்றை எஞ்சினின் உடம்பில். "இப்ப திருப்புங்க சார்."

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. அவள் வைப்பரைப் போட்டாள். முன் விளக்கைப் போட்டாள். காற்றாடியைப் போட்டாள். மூன்று வாரமாக மங்கிக் கிடந்த விளக்குகள் இல்லத்துச் சுவரில் வெள்ளையாக அடித்தன. எஞ்சின் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஆனால் அணையவில்லை.

"நேரத்தைக் குறிச்சுக்கோங்க" என்றாள் அவள். சொன்னது சந்தோஷத்தில் இல்லை. கோபத்தில்.

வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது அந்தப் பட்டை கிடைத்தது. ஒரு முனை வேனின் உடம்பில் அப்படியே இருந்தது. மறு முனை எங்கும் மாட்டப்படாமல் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பட்டையால் ஒழுங்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பிறகு மாட்டலாம் என்று கட்டி வைத்த கை அது. அப்புறம் மறந்தே போயிருக்கிறது.

சாயங்காலம் எட்டுப் பேரையும் இறக்கிவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனாள். கொழுந்தன் ஒரு காருக்கு அடியில் இருந்தான். வண்டிக்காரர்கள் இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியே வாங்க."

"என்ன அண்ணி?"

"எஞ்சினோட எர்த் பட்டையை மாட்டினீங்களா, இல்லையா?"

அவன் முகம் போன போக்கிலேயே பதில் இருந்தது. "புது எஞ்சின்ல அந்த இடத்துல போல்ட் ஓட்டை இல்லை... வேற இடம் பார்த்து மாட்டலாம்னு..."

"மூணு வாரம்! பேட்டரி மாத்தினீங்க, பிளக் மாத்தினீங்க, ஒரு பட்டையை மாட்டலை. வயசானவங்களை வெச்சுக்கிட்டு லாரிக்கு முன்னாடி நின்னேன். உங்களுக்கு எஞ்சினை இறக்கத்தான் தெரியும், வேலை தெரியாது. தெரியாதவர்கிட்ட வண்டியைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"அண்ணி, உள்ளே வந்து பேசலாம்."

"உள்ளே என்ன உள்ளே? நான் நடுரோட்டில்தானே நின்னேன்?"

டீ குடித்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கொழுந்தன் வேனுக்கு அடியில் போனான். கியர் பெட்டியின் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பட்டையை வைத்து இறுக்கினான். பத்து நிமிஷ வேலை. சாவியை அவள் கையில் கொடுக்காமல் வேனின் சீட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

வெள்ளியும் சனியும் மழை. வேன் ஒரு தடவையும் நிற்கவில்லை. ஆனால் ஏறி இறங்குவது இன்னும் மோசமானது. சிக்னலில் பிரேக்கை அழுத்தி நின்றால், வண்டி முன்னால் பாய்வது போல் உறுமியது. சாலையைக் கடந்தவர்கள் அவளை முறைத்தார்கள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நர்ஸம்மா இரண்டு தடவை முன்சீட்டில் இடித்துக்கொண்டார். பாதி ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே அவளை இன்னும் நோகடித்தது. வால்வைத் தானே கழற்றிக் கழுவினாள். வயர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. வயரில் இருக்கும் கோளாறு என்றால் அவளுக்குப் பிடிபட்டிருக்கும். இது வயரில் இல்லை. திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

"உங்க தம்பியை வரச் சொல்லுங்க" என்றாள் கணவரிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீயே கூப்பிடேன்."

"எடுக்கமாட்டார்."

"பார்த்து..."

"பார்த்துக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க!"

ஞாயிறு காலை கொழுந்தன் வந்தான். டீ வேண்டாம் என்றான். தெருவோரத்தில் நின்ற வேனின் சீட்டைத் தூக்கிவிட்டு, அண்ணனைப் பார்த்து, "சாவியைத் திருப்பச் சொல்லு" என்றான்.

அவள் மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். கணவர் திரும்பி, "சாவியைத் திருப்பணுமாம்" என்றார்.

"கேட்டுச்சு."

எஞ்சின் ஓடியது, ஏறியது, இறங்கியது.

"காத்து எங்கேயோ திருட்டுத்தனமா உள்ளே போகுது. அளந்து விடற காத்து ஒண்ணு, அளக்காத காத்து ஒண்ணு. அதான் தடுமாறுது. சோப்புத் தண்ணி கேளு."

"சோப்புத் தண்ணி..."

"எனக்குக் காது இருக்குங்க" என்று அவள் உள்ளே போய்க் கொண்டு வந்தாள்.

அவன் ஒவ்வொரு குழாய் மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான்; ஓட்டை இருந்தால் அது ஒரு கணம் அடைபட்டு எஞ்சின் சத்தம் மாறும். ஒன்றும் மாறவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சூடான எஞ்சினுக்குப் பின்பக்கம், பார்வை போகாத இடத்தில் கையை விட்டுத் துழாவினான். தோள்வரை உள்ளே போயிற்று. கன்னம் சீட்டு இரும்பில் அழுந்தியது. சட்டென்று எஞ்சினின் சத்தம் மாறியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரே நூலில் ஓடியது.

கணவர் ஓரடி முன்னால் வந்தார்.

அவன் கையை இழுத்தான். எஞ்சின் உறுமியது. மறுபடி விட்டான். அடங்கியது.

"ஓட்டை, அண்ணி!" என்று கத்தினான், பேசாமல் இருக்கிறோம் என்பதையே மறந்து. "பென்சில் மொத்தத்துக்கு ஒரு மூக்கு. புது மாடல்ல இதுல ஒரு குழாய் வரும். நம்ம வண்டியில அந்தக் குழாயே கிடையாது. வாயைத் திறந்துக்கிட்டு நின்னிருக்கு. நான் பார்க்கவே இல்லை."

"கையை எடுங்க, வெந்துடும்!"

"வேகட்டும். வேலை தெரியாத கைதானே."

சொன்ன பிறகு அவனே சங்கடப்பட்டுக் குனிந்துகொண்டான். அவள், "அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆள் இருக்கும்போது பேசியிருக்கவே கூடாது" என்றாள். "ஆனா பட்டையை மறந்தது மறந்ததுதான்."

"மறந்ததுதான்" என்றான் அவன்.

ஒரு ரப்பர் மூடியைத் தேடி எடுத்து, அந்த மூக்கின்மேல் சொருகிக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். கைக்குப் போட எண்ணெயும் அவளே கொண்டு வந்தாள். இரண்டு விரல் சிவந்து போயிருந்தன. அதன் பிறகு அவன் டீ குடித்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் வேனைப் பார்க்க வரவே இல்லை. சனிக்கிழமையே வேறொரு வண்டிக்காரரிடம் காலையில் ஆட்களை ஏற்றி வரும் நடையைப் பேசி முடித்துவிட்டிருந்தார். "சாயங்காலம் மட்டும் நீங்க எடுங்க, ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். சரியாகிவிட்டது என்று அவள் எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. ஒரு மாசம் இரண்டரை மாசமாயிற்று. காலை நேரங்களில் அவள் வீட்டு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டு, தன் ஆட்கள் இன்னொருவர் வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டிக்காரர் இறங்கிக் கை கொடுப்பதில்லை, ஹார்ன் மட்டும்தான் அடிக்கிறார் என்று நர்ஸம்மா மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் காலை நடை அவளிடம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவளுடைய வலது கால், அணையப்போகும் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக, ஆக்சிலரேட்டருக்கு ஒரு விரற்கடை மேலேயே நிற்கும். எஞ்சின் சீராகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கால் நம்புவதற்கு இன்னும் பல வாரங்கள் பிடித்தன.